விஜயதசமியன்று ஆளில்லாமல் நகர்ந்த கார் குறித்து

பெயர்: வேதவல்லி. கணவர் பெயர்: ஸ்ரீதரன். வயது: 57. தொழில்: பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்புப் பொறுப்பு. விலாசம்: 41, பெர்ச் லேன், மேப்பிள் ஹாலோ, ஒஹையோ மாநிலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். ஆங்கிலம் எனக்கு நன்றாகத் தெரியும், பல்வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுவதும் அதில்தான் மல்லுக்கு நிற்கிறேன். ஆனாலும் கோயிலில் யார் என்ன சொன்னார்கள் என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் பாதி கரைந்து போய்விடும் என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். போலீஸ் அதிகாரி ரீட் அவர்கள் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்துத் தந்தார். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன். போகாதே என்று சொன்னவர்கள் உண்டு, அவர்களைப் பற்றி உரிய இடத்தில் சொல்கிறேன்.

வில்கின்ஸ் சாலையிலுள்ள மகாகணபதி கோயிலில் வாகன பூஜைக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. சம்பளம் கிடையாது. எலுமிச்சம்பழம், தேங்காய், பூசணிக்காய், கற்பூரம் எல்லாம் நான்தான் வாங்கி வைப்பேன். இந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரிய மஞ்சள் எலுமிச்சை சக்கரத்தில் நசுங்காமல் பந்து போல உருண்டு ஓடிவிடும், ஆகையால் மெக்ஸிகோக்காரர் கடையில் சின்னப் பச்சைப் பழமாகப் பார்த்து எடுத்து வருவேன். காருக்கு எலுமிச்சம்பழம் எதற்கு என்று அதிகாரி இந்த இடத்தில் கேட்டார். புதுக் கப்பல் மேல் நீங்கள் எதற்குப் பாட்டிலை உடைக்கிறீர்களோ அதற்குத்தான் என்றேன். அவர் சிரித்தார். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேற்படி கோயிலின் அர்ச்சகர் சபேச குருக்களை அவர் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். மாயவரம் பக்கத்துக்காரர். மனைவி, இரண்டு பெண்களோடு கோயிலுக்குப் பின்னால் உள்ள வீட்டில் இருக்கிறார். எங்கள் கோயிலுக்குத் தமிழர், தெலுங்கர், குஜராத்திகள், வங்காளிகள் என்று எல்லோரும் வருவார்கள். எல்லோருக்கும் அவரவர் பாஷையில் நாலு வார்த்தையாவது பேசாமல் அவர் தட்டை நீட்ட மாட்டார். போன வருடம், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் லோரி என்கிற அமெரிக்கப் பெண்மணி தன் பேருந்துக்கும் பூஜை செய்ய முடியுமா என்று கூச்சத்தோடு வந்து நின்றாள். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று ஒன்று இருக்கிறது, கவலைப்படாதே என்று சொல்லி, அவள் பெயரையும் ஊரையும் சொல்லி முழு சங்கல்பம் செய்து வைத்தார். அவள் அழுதாள். இப்படி ஒருவர் எங்களுக்கு வாய்த்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடுதான் இங்கே வந்திருக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

சங்கல்பம் என்பது, பூஜை தொடங்கும் முன் இன்ன பெயர், இன்ன கோத்திரம், இன்ன நட்சத்திரம் உள்ள இவருக்கு நல்லதைக் கொடு என்று அர்ச்சகர் கடவுளிடம் வாய்விட்டுக் கேட்பது. நடந்த விஷயத்துக்கு இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

கடந்த சனிக்கிழமை விஜயதசமி. ஆகையால் காலையிலிருந்தே புதுக் கார்கள் வரிசையில் நின்றன. வண்டி நிறுத்தும் இடத்தில் ஒழுங்கு செய்துகொண்டிருந்தவர் பிபின்பாய் படேல். வயது எழுபதுக்கு மேல். முன்பு நெடுஞ்சாலையோரம் மோட்டல் நடத்தினார். இப்போது சனிக்கிழமைதோறும் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாயில் விசிலோடு கோயில் வாசலில் நிற்கிறார். அவர் கையை உயர்த்தினால் கோயில் தலைவரின் வண்டியும் நிற்க வேண்டும், நிற்கும். என்னைப் பார்த்ததும் அவர், குஜராத்தி வழக்கப்படி சகோதரி என்று முறை சொல்லி, "வேதாபேன், எலுமிச்சம்பழத்துல எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்க, இன்னிக்கு என் மேலதான் எல்லார் கண்ணும்" என்றார். நான், "உங்க விசில் சத்தத்துக்கே திருஷ்டி ஓடிடும் பாய், போங்க" என்றேன்.

அதன் பிறகு டாக்டர் ஸ்ரீநிவாஸ் பாலிகாவின் கார் முறை வந்தது. அவர் எங்கள் கோயிலின் தலைவர், இதய வைத்தியர். கோயிலின் மேற்கூரை போன பனிக்காலத்தில் ஒழுகியபோது அதைச் சரிசெய்ய முன்னால் நின்றவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவரைத் தூற்றுவதற்காக நான் வரவில்லை. அவர் வாங்கியிருந்தது மின்சாரக் கார். போனில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஆளில்லாமலே உரிமையாளரிடம் ஊர்ந்து வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். எதிரே யாராவது இருந்தால் முன்கண்ணாடியின் மேலே இருக்கும் கேமரா வழியாகப் பார்த்துத் தானாகவும் நின்றுவிடும். இதை அவரே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

குருக்கள் வழக்கம்போல, "யார் ஓட்டப் போறா? பேர், கோத்ரம், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

டாக்டர் சிரித்துக்கொண்டு, "இன்னிக்கு யாரும் ஓட்டல. சாமியே ஓட்டட்டும். மங்களூர்ல இருக்கற எங்கம்மாவுக்கு வீடியோ அனுப்பணும். ஆளே இல்லாம கார் எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு வந்தா எப்படி இருக்கும்! காரோட பேரு நீலா. அது பேருக்கே பண்ணிடுங்க" என்றார்.

"நீலாவுக்கு என்ன நட்சத்திரம்?"

"ஃபாக்டரில பொறந்த தேதி இருக்கு. பாத்துச் சொல்லட்டுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குருக்களும் சிரித்தார். ஆனால், "டாக்டர் சார், விளையாட்டு இருக்கட்டும். உள்ள ஒருத்தர் உக்காரணும். இந்தப் பூஜை காருக்கு இல்ல, அதுல போறவாளுக்கு. காலி சீட்டுக்கு நான் என்னன்னு வேண்டிக்கறது?" என்று சொல்லிவிட்டார். இதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதன் பிறகு டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். குருக்கள் அவர் பெயரைச் சொல்லி, கௌசிக கோத்திரம், அனுஷ நட்சத்திரம் என்று சொல்லி, குடும்பத்தோடு ஆயுளும் ஆரோக்கியமும் பெருக வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சங்கல்பம் செய்தார். பிறகு காரின் முன் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கண்ணாடியில் வைக்கவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் பின்னால் அந்தச் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தது நான்தான். காரின் முன்னால் சாமந்தி மாலை ஒன்று சாத்தப்பட்டிருந்தது. டாக்டர் இறங்கி வந்து அதை எடுத்து, "இங்க போட்டாத்தான் வீடியோல தெரியும்" என்று முன்கண்ணாடியின் உச்சியில், கேமரா இருக்கும் இடத்தில், குறுக்காகப் போட்டார். அங்கே கேமரா இருப்பது குருக்களுக்குத் தெரியாது, டாக்டர் அதை விளக்கியபோது அவர் முந்தின காரின் பூஜையில் இருந்தார். கேட்டிருந்தும் எனக்கு அப்போது தோன்றவில்லை. அதைச் சற்று முன்பு எல்லோருக்கும் விளக்கிய டாக்டருக்குச் சந்தோஷத்தில் மறந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மாலையைப் போட்டவர் திரும்பவும் உள்ளே ஏறவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, வீடியோ எடுக்கத் தயாராக நின்ற மனைவியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். குருக்கள் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், ஏறி உக்காருங்கோ. உங்க பேருக்கு சங்கல்பம் ஆயிடுத்து" என்றார். டாக்டர், "அதான் ஆயிடுச்சே குருக்களே. ரெண்டே நிமிஷம். நான் இங்கதான இருக்கேன்" என்றார். குருக்கள் மறுபடியும், "வேண்டாம் சார், ஏறுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் பொத்தானை அழுத்திவிட்டார்.

கார் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. அப்போது கூட்டத்தில் எல்லோரும் செய்ததைத்தான் டாக்டரும் செய்தார், அதாவது கண்ணை மூடிக் கைகூப்பினார். போன் அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இருந்தது. அவர் எவ்வளவு பக்தியாகக் கும்பிட்டாரோ அவ்வளவு அழுத்தமாகப் பொத்தானும் அமுங்கியிருந்தது. சந்நிதியில் நின்று பழகின எங்களில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்பதால் இதில் எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

அத்தனை பேர் இருந்தும் நீங்கள் ஒருவர் மட்டும் எப்படிப் பார்த்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அதற்கு முந்தின பேச்சைக் கேட்டவர்கள் உண்டு, ஆனால் தலைவருக்கு எதிராக அதைச் சொல்ல யாரும் வரவில்லை. டாக்டரின் மனைவி போன் திரையில் காரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோவிலும் கார் நகர்வதற்கு முன்னால் நடந்த பேச்சு எதுவும் கிடையாது. என் கையில் எரியும் கற்பூரத் தட்டு இருந்தது. அதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் புடவை பற்றிக்கொள்ளும், ஆகவே நான் மூடவில்லை.

அந்த நேரத்தில் பிபின்பாய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கையை உயர்த்திச் சாலைப் பக்கமிருந்து வந்த கார்களை நிறுத்தி வைத்திருந்தார். அவர் கையைப் பார்த்துக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குறுக்கே நடந்தாள். நான் "பாய்!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவர் மட்டும் விலகியிருந்தால் தப்பித்திருப்பார், அதற்கு அவகாசம் இருந்தது. அவர் விலகவில்லை. இரண்டெட்டில் போய்க் குழந்தை வண்டியையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து அந்தப் பக்கம் தள்ளினார். கார் அவர் காலில் மோதியது. அவர் விழுந்த சத்தத்தில் டாக்டர் கண்ணைத் திறந்தார், கை பிரிந்தது, கார் நின்றது.

முதலில் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்தது டாக்டர்தான். தன் பட்டு அங்கவஸ்திரத்தைக் கிழித்து, தேங்காய்ப் பெட்டியின் பலகையை வைத்துக் கட்டினார். பிபின்பாய் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "டாக்டர் சாப், இந்தக் காருக்கு லைசன்ஸ் குடுத்தது யாரு?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வேதாபேன், அந்த வெள்ளை வண்டிய எடுக்கச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ் எந்த வழியா வரும்? என் கால் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். படுத்தபடியே விசிலை ஊதி, கையைக் காட்டி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் வழியைத் திறந்துவிட்டார். விலகியிருக்கலாமே பாய் என்று நான் அழுதபோது, "என் கையப் பாத்துத்தான அந்தப் பொண்ணு நடந்தா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை நடந்து நன்றாக இருக்கிறார். அவர் முதுகைக் காட்டி நின்றதால் காரை நகர்த்தியது யார் என்று அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் ஐஸ் எடுக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனேன். திரும்பி வந்தபோது போலீஸ் வந்திருந்தது. டாக்டர், பூஜைக்காகக் காரைத் தானாக நகர விடச் சொன்னது குருக்கள் என்றும், குருக்கள் பூசிய சந்தனத்தால் காரின் கேமரா மறைந்துவிட்டது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. அதிகாரி குருக்களைப் பார்த்து, இது சரிதானா என்று கேட்டார். குருக்கள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஆமாம் சார். நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது" என்றார். என் கையில் இருந்த ஐஸ் பை கீழே விழுந்தது. அவருடைய நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது, அதற்குக் கோயில் தலைவர் என்ற முறையில் டாக்டர்தான் கடிதம் தர வேண்டும். அவர் மேல் ஒரு வழக்குப் பதிவானால் அந்த விண்ணப்பம் என்ன ஆகும், அந்தப் பெண்கள் படிக்கும் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்பது எங்கள் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, போலீஸ் கேட்டா நீங்க ஐஸ் எடுக்க உள்ள போயிருந்தீங்கன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

"உண்மைதான் டாக்டர். ஆனா நான் போனது அப்புறம்."

"எனக்கு வழக்குன்னு வந்தா ஆஸ்பத்திரில என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. குருக்களுக்கு நாம எல்லாரும் இருக்கோம். நல்ல வக்கீலா வைக்கலாம். நான் பாத்துக்கறேன்."

"அவர ஊருக்கு அனுப்பிட்டு எங்க வச்சுப் பாத்துப்பீங்க?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். என் கணவரும், கோயில் சமாச்சாரம் கோயிலோடு போகட்டும், நீ எதற்கு நடுவில் என்றார். அவரிடம் அன்று நான் பேசவில்லை.

அதன் பிறகு நேராகக் கோயிலுக்குப் போனேன். குருக்கள் மடப்பள்ளியில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட வெளியே சரியாக விடவில்லை.

"எதுக்குப் பொய் சொன்னேள்?" என்று கேட்டேன்.

"பொய் என்ன மாமி. பூஜை பண்ணினது நான்தானே. சந்தனம் வச்சது நான்தானே."

"ஆளில்லாம விடச் சொன்னதும் நீங்கதானா?"

அவர் அடுத்த வெற்றிலையை எடுத்துத் துடைத்தார்.

"உங்காத்துல கேட்டேளா? அந்தக் கொழந்தைகள் மூஞ்சியப் பாத்தேளா? டாக்டர் கடுதாசி குடுக்க மாட்டார்னு பயமா?"

"பயம் இருக்கு மாமி. இல்லேன்னா அதுதான் பொய். ஆனா அதுக்காக இல்ல." கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "அவர் பேரைச் சொல்லி, கோத்ரத்தைச் சொல்லி, இவருக்கு எந்தக் கெடுதலும் வரக்கூடாதுன்னு பகவான்கிட்ட கேட்டேன். கேட்டு, அவர் கையால தட்சிணையும் வாங்கிண்டேன். கற்பூர வாசனைகூடப் போகல. அதுக்குள்ள அதே வாயால, இவர்தான் பண்ணினார், இவரைப் பிடின்னு சொல்லணுமா? என்னால ஆகல. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுண்டு இன்னொருத்தருக்கு சங்கல்பம் பண்ணுவேன்?"

எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. அர்ச்சகர் என்பதால் அறையவும் முடியாது, என்னைவிட வயதில் சின்னவர் என்பதால் விழவும் முடியாது, ஆகையால் இரண்டையும் செய்யவில்லை. வாசலுக்கு வந்து அழுதேன். இத்தனை வருடமாக நான் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது எப்பேர்ப்பட்ட மனுஷருக்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு இன்று திங்கட்கிழமை, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். இதனால் கோயிலில் என் பொறுப்பு போகலாம், போகட்டும். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அதிகாரி ரீட் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, உங்க அர்ச்சகர் ஒண்ணு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க நேர்மாறாச் சொல்றீங்க. சாமிக்குப் பூஜை பண்றவரு பேச்ச விட்டுட்டு உங்க பேச்ச நான் ஏன் நம்பணும்?" என்று கேட்டார்.

அவர் வாய் டாக்டருக்கு நல்லது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட வாய், அது அதற்குக் கட்டுப்பட்டது என்றேன். நான் யாருக்காகவும் சங்கல்பம் செய்யவில்லை, யாரிடமும் தட்சிணை வாங்கவில்லை, என் வாய் சும்மா இருந்தது, அதனால்தான் அதைக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

இதில் கண்டவை என் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே. மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் திரும்பப் படிக்கக் கேட்டேன். டாக்டர் பாலிகா முதலில் ஓடிப்போய்க் காலைக் கட்டினார் என்பது விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்க்கச் சொல்லிச் சேர்த்த பிறகு, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வேதவல்லி ஸ்ரீதரன்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: அதிகாரி டி. ரீட்